புல் வெட்டும் நரம்பு வந்த கதை



தோட்டத்தில் புல் வெட்டுகிற பெட்ரோல் மெஷின் இப்போது ஊருக்கு நாலு பேரிடமாவது இருக்கிறது. பிரஷ் கட்டர் என்கிறோம். சில ஊர்களில் புல்வெட்டி, களைவெட்டி என்றும் சொல்கிறார்கள். தோளில் வாரை மாட்டிக்கொண்டு, நீளக் குழாயின் நுனியில் சுற்றுகிற தலையைப் புல்லுக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே போகிறோம். அந்தத் தலையில் இரும்புத் தகடு மாட்டலாம். இல்லாவிட்டால் நைலான் நரம்பு மாட்டலாம். கடையில் போய் நைலான் ரோப் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதேதான். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்த நரம்பைப் பற்றித்தான்.

ஒரு முழம் நரம்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு வெள்ளை ஈ தாக்குதலைப் பார்க்கப் போனேன். தோப்புக்காரப் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கெண்டைக்காலில் பெரிய கட்டு. என்ன ஆச்சு என்று கேட்டேன். மகன் புல் வெட்டிக்கொண்டிருந்தானாம். இவர் முப்பது அடி தள்ளி நின்று வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாராம். சுரீர் என்று ஒரு வலி. விரல் கணு நீளத்துக்கு ஒரு கம்பித்துண்டு, வேட்டியைத் துளைத்துச் சதைக்குள் போய்விட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கீறி எடுக்க வேண்டியதாயிற்று.

மகனைக் கூப்பிட்டு மெஷினைக் காட்டச் சொன்னேன். தலையில் நைலான் இல்லை. மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் வயரை அறுத்து மாட்டியிருந்தான்.

"ஏன் தம்பி இப்படிச் செய்தே?" என்றேன்.

"நைலான் கால் மணி நேரங்கூட நிக்க மாட்டேங்குதுங்க சார். அறுந்து அறுந்து போகுதுங்க. நீங்கதானுங்களே அன்னிக்குச் சொன்னீங்க, கொஞ்சம் கெட்டியானதாப் பாத்துப் போட்டுக்கோன்னு."

சொன்னது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் செயல்விளக்கம் நடத்தியபோது, நரம்பு சீக்கிரம் தேய்கிறது என்று நாலைந்து பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். நான் மனதில் நினைத்தது 2 மில்லி மீட்டருக்குப் பதில் 2.4 மில்லி மீட்டர் நைலானை. வாயில் சொன்னது "கெட்டியானது" என்கிற ஒரே வார்த்தை. அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது, ஜீப்பில் ஏறிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை கிளட்ச் வயராகிப் பெரியவர் காலில் ஏறியது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கு ஆதியிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். இந்த நரம்பு எங்கிருந்து, எதற்காக வந்தது என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் கம்பியை ஏன் கட்டக்கூடாது என்பது தானே விளங்கும்.

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. அங்கே புல்தரையை நீளப்பிடி போட்ட பெரிய அரிவாளால், நின்றபடியே வீசி வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1830-ஆம் வருஷம் ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப் பக்கத்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருளை வடிவப் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு அந்த யோசனை எங்கே கிடைத்தது தெரியுமா? துணி மில்லில். கம்பளித் துணியின் மேலே எழும்பி நிற்கிற மயிரை ஒரே சீராகக் கத்தரிக்க அங்கே ஒரு உருளை சுற்றும். துணியில் மயிரைச் சீவுகிற உருளை தரையில் புல்லைச் சீவாதா என்று யோசித்தார். சீவியது.

ஆனால் ஒரு குறை நின்றுவிட்டது. சக்கரம் வைத்த இயந்திரம் வெட்டவெளியில் நன்றாக ஓடும். மரத்தடி, வேலியோரம், கல் சுவரின் அடி, இங்கெல்லாம் அது நுழையாது. நுழைத்தால் தகடு கல்லில் மோதும், மரத்தை வெட்டும். ஆகவே ஓரத்துப் புல்லை மட்டும் மனுஷன் குனிந்துதான் அறுக்க வேண்டும். நூற்று நாற்பது வருஷம் இப்படியே போயிற்று.

இதற்கு நடுவில் இன்னொரு காரியம் அமெரிக்காவில் நடந்தது. 1935-இல் வில்மிங்டன் நகரத்தில் டியூபான்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற ரசாயன விஞ்ஞானி நைலானைக் கண்டுபிடித்தார். அது கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1937-இல் இறந்துபோனார். 1938-இல் நைலான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது எதில் என்றால், பல் துலக்கும் பிரஷ்ஷில். அதுவரை பன்றி மயிரை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு காலுறை, பாராசூட், தூண்டில் நரம்பு என்று பல வேஷம் எடுத்தது. நம் கடற்கரைப் பக்கத்தில் தங்கூஸ் என்று சொல்கிறார்களே, அந்த நரம்பு இந்த வம்சம்தான்.

இப்போது 1971-க்கு வருவோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். ஜார்ஜ் பாலஸ் என்று ஒருவர். விவசாயி இல்லை, இன்ஜினியரும் இல்லை. நடனப் பள்ளி நடத்தியவர். வீட்டைச் சுற்றி மரங்கள். மரத்தடிப் புல்லைப் பட்டைக்குச் சேதமில்லாமல் எடுப்பது பெரிய பாடாக இருந்தது. ஒரு நாள் காரைத் தானியங்கிக் கழுவும் நிலையத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே பெரிய பெரிய பிரஷ்கள் சுற்றுகின்றன. சுற்றும்போது இழைகள் விறைத்து நிற்கின்றன. காரின் மேல் பட்டதும் வளைந்து கொடுக்கின்றன. சந்து பொந்தெல்லாம் நுழைந்து அழுக்கை எடுக்கின்றன, பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. காருக்குள் உட்கார்ந்தபடியே அவருக்குப் பொறி தட்டியது. இதே மாதிரி மரத்தைச் சுற்றி ஒன்று சுழன்றால்?

வீட்டுக்கு வந்தார். சோளப்பொரி வைத்திருந்த காலித் தகர டப்பா ஒன்றை எடுத்தார். அதில் ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பைக் கோர்த்தார். புல்தரையின் ஓரம் சீவுகிற சிறு இயந்திரத்தின் சுழலும் அச்சில் அந்த டப்பாவை மாட்டி ஓட்டினார். புல் போயிற்று, மரம் நின்றது. சாமான் செய்கிற கம்பெனிகளிடம் கொண்டு போய்க் காட்டினால், யாரும் வாங்கவில்லை. தூண்டில் நரம்பால் புல் வெட்டுவதாவது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் தானே கம்பெனி ஆரம்பித்து, "வீட் ஈட்டர்", அதாவது களை தின்னி என்று பெயர் வைத்து விற்றார். அமோகமாக விற்றது. 1977-இல் எமர்சன் எலெக்ட்ரிக் என்ற பெரிய கம்பெனி அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. பாலஸ் 2011-இல் தமது 85-வது வயதில் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாலஸ் தேடியது பலமான கத்தியை இல்லை. பலமான கத்தி உலகத்தில் ஏற்கெனவே நிறைய இருந்தது. புல்லை வெட்ட வேண்டும், கெட்டியான எதன் மேல் பட்டாலும் தான் வளைய வேண்டும், வளைந்தும் ஆகாவிட்டால் தான் தேய வேண்டும். அப்படி ஒன்றைத்தான் தேடினார். நரம்பு தேய்வதும் அறுவதும் சரக்கின் குற்றம் இல்லை. அதுதான் அந்தச் சாமானின் வேலை. அதனால்தான் தலைக்குள் சுருளாக நரம்பை வைத்து, தேயத் தேயத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் புது நரம்பு வெளியே வருகிற மாதிரி அமைத்தார்கள்.

தொளதொளவென்று தொங்குகிற நரம்பு எப்படி வெட்டுகிறது? கவண் தெரியும் அல்லவா. சோளக் கொல்லையில் கிளி ஓட்டச் சுற்றுவோமே, அது. சும்மா இருக்கும்போது கயிறு துவண்டு கிடக்கும். சுற்றினால் கம்பி மாதிரி விறைக்கும். இங்கேயும் அதே கணக்கு. மெஷினின் தலை நிமிடத்துக்கு 6000 தடவை சுற்றுகிறது, நரம்பின் நுனி நடுவிலிருந்து 20 சென்டி மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியின் வேகம் வினாடிக்கு 125 மீட்டருக்குமேல். மணிக்கு 450 கிலோ மீட்டர். எந்த பஸ்ஸும் எந்த ரயிலும் நம் பக்கத்தில் இந்த வேகம் போவதில்லை. அந்த வேகத்தில் நுனி வந்து அடிப்பதால்தான் பச்சைப் புல் துண்டாகிறது.

கவணில் கயிறு அறுந்தால் என்ன ஆகும்? இங்கேதான் கிளட்ச் வயர் விவகாரம் வருகிறது. நைலான் துண்டு அறுந்து பறந்தால், அது லேசானது. காற்றின் எதிர்ப்பில் சீக்கிரம் வேகம் குறைந்து விழுந்துவிடும். அதே அளவு இரும்பின் எடை நைலானைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அது வேகம் குறையாமல் போகும். கிளட்ச் வயர் பல மெல்லிய இழைகள் சேர்ந்த முறுக்கு. கல்லிலும் கட்டையிலும் அடிபட்டு இழை இழையாக ஒடிந்து, கடைசியில் துண்டாகத் தெறிக்கும். எப்போது தெறிக்கும், எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தோட்டா எந்த வேலையைச் செய்யுமோ அதைத்தான் செய்யும். போதாததற்கு, நைலானின் எடைக்கு அமைத்த தலையும் பேரிங்கும் கம்பியின் பாரத்தைத் தாங்காமல் ஆட்டம் காணும்.

இது நம்ம ஊர்த் தம்பி மட்டும் செய்த காரியம் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் சங்கிலிக் கண்ணிகளைக் கோர்த்த வெட்டுத் தலைகளையே தயார் செய்து விற்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு உயிரும் போன பிறகு, 2012 ஜனவரியில் ஐரோப்பிய கமிஷன், கையால் பிடித்து ஓட்டும் பிரஷ் கட்டருக்கு இப்படி இரும்புத் துண்டுகளை இணைத்துச் செய்த தலைகளைச் சந்தையில் விடக்கூடாது என்று உத்தரவு போட்டது. நம் பக்கத்துக் கடைகளில் கம்பித் தலை, சங்கிலித் தலை தொங்குவதை இன்னும் பார்க்கிறேன். "இது அறவே அறாதுங்க" என்று சொல்லி விற்பார்கள். வாங்காதீர்கள். புதர், சுள்ளி, விரல் கனச் செடி வெட்ட வேண்டுமானால் மெஷின் கம்பெனியே கொடுக்கிற ஒரே தகடாலான பிளேடு இருக்கிறது. அதற்கென்று உள்ள காப்பு மறைப்போடு மாட்டுங்கள்.

சரி, தம்பியின் கஷ்டமும் நியாயந்தானே? கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பு அறுந்தால் யாருக்கும் கோபம் வரும். அன்றைக்கு அவனோடு தோப்பில் ஒரு மணி நேரம் சுற்றினேன். முதல் காரணம் நரம்பே பழசு. தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை முழுக்கக் காய்ந்து கிடந்திருக்கிறது. நைலானுக்கு ஈரம் வேண்டும். உலர்ந்தால் முறுக்குப் போல் நொறுங்கும். இரண்டாவது காரணம், தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் எடுக்காமல் புல்லுக்குள் கிடந்தன. மூன்றாவது, அவன் வெட்டுகிற விதம். நரம்பின் நுனிதான் வெட்ட வேண்டும். இவன் தலையையே புல்லுக்குள் புதைத்து, நடு நரம்பால் அடித்துக்கொண்டிருந்தான். நடுவில் வேகம் குறைவு. புல் வெட்டுப்படாமல் சுற்றிக்கொள்ளும், சூடேறி நரம்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுவரோரம், கல்லோரம் போகும்போது நுனி மட்டும் தொடுகிற மாதிரி பக்குவமாகப் போக வேண்டும். உயரமான புல்லானால் மேலிருந்து கீழே இரண்டு மூன்று தவணையாக வெட்ட வேண்டும்.

கனம் எவ்வளவு போடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கும் கனம்தான் சட்டம். பொதுவாகச் சொன்னால், கரண்டில் ஓடுகிற சின்ன மெஷினுக்கு 1.6-லிருந்து 2 மில்லி மீட்டர். 25 சி.சி.யிலிருந்து 35 சி.சி. வரையுள்ள பெட்ரோல் மெஷினுக்கு 2.4. நாற்பதுக்கு மேல் சி.சி. இருந்தால் 2.7, 3 என்று போகலாம். சின்ன மெஷினில் 3 மில்லி மீட்டர் போட்டால் நன்றாக வெட்டும் என்பது தப்புக் கணக்கு. காற்றை அறுக்கவே இன்ஜினின் சக்தி போய்விடும். சுற்று குறையும், கிளட்ச் சூடாகும், புல் வெட்டாமல் படுக்கும். ஒல்லி மாட்டைப் பார வண்டியில் பூட்டின கதைதான்.

வடிவத்திலும் ரகம் உண்டு. உருண்டை நரம்பு அதிக நாள் வரும், கல் நிலத்துக்கு அதுதான் லாயக்கு. சதுரம், நட்சத்திரம் மாதிரி விளிம்பு வைத்தது பசும்புல்லையும் தடித்த தண்டையும் சுத்தமாக வெட்டும், ஆனால் கல்லில் பட்டால் சீக்கிரம் போகும். முறுக்கு நரம்பில் சத்தம் கொஞ்சம் குறைவு. அவன் தோப்பில் நிறைய அருகும் கோரையுமாக இருந்தது, கல்லும் இருந்தது. உருண்டை 2.4 போடச் சொன்னேன். (கோரையை மேலே வெட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறவரை அது திரும்ப முளைக்கும். பார்த்தீனியம் பூத்து நிற்கிற இடத்திலும் இந்த மெஷினை விடாதீர்கள். சாறும் மகரந்தமும் முகத்தில் அடிக்கும், அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும். மழை பெய்த ஈரத்தில், பூக்கும் முன்னே, உறை போட்ட கையால் வேரோடு பிடுங்குவதே மேல். மருந்து அடித்த இடத்துப் புல்லையும் உடனே வெட்டாதீர்கள்.)

நரம்பு சுற்றும்போது தலையில் போட்டிருக்கும் அம்புக்குறிப் பக்கமாகச் சுற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழக்கூடாது. இரண்டு முனையும் ஒரே நீளம் வெளியே வர வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் மெஷின் உதறும், கை மரத்துப்போகும்.

இன்னொன்று, அந்தத் தம்பி காப்பு மறைப்பைக் கழற்றிப் பரண் மேல் போட்டிருந்தான். புல் அடைக்கிறதாம். நம் ஆட்களில் பாதிப்பேர் இதைச் செய்கிறார்கள். அந்த மறைப்பின் ஓரத்தில் ஒரு சின்னப் பிளேடு இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? வெளியே வருகிற நரம்பை அளவாக வெட்டி விடுவது அதுதான். மறைப்பு இல்லாவிட்டால் நரம்பு நீளமாகப் போய் இன்ஜினைத் திணற அடிக்கும். அதோடு கல்லும் மண்ணும் நேரே முழங்காலுக்கும் முகத்துக்கும் வரும். அடைக்கிற புல்லை இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிட்டுக் குச்சியால் எடுங்கள். தலையில் கை வைக்கிற எந்த வேலையானாலும் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். ஐடிலில் ஓடட்டும் என்று விட்டுவிட்டு விரலை நீட்டாதீர்கள்.

நைலான்தானே, பயமில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. நரம்பு வளைந்து கொடுக்கும். அது அடித்துக் கிளப்புகிற கூழாங்கல் வளையாது. அதனால்தான் மெஷினைச் சுற்றி 15 மீட்டருக்குள், நம் கணக்கில் ஐம்பது அடிக்குள், ஆள், மாடு, குழந்தை யாரும் நிற்கக்கூடாது என்கிறார்கள். நம் பெரியவர் நின்றது முப்பது அடி. நைலானாக இருந்திருந்தாலும் அந்த இடம் தப்பான இடம்தான். சுழலும் திசையை மறைப்பில் அம்புக்குறியாகப் போட்டிருக்கும். தலையின் முன்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் கல் அதிகம் பறக்கும். ரோடும் வீடும் வாசலும் அந்தப் பக்கம் வராதபடி நின்று வெட்டுங்கள். ஆரம்பிக்கும் முன்னே ஒரு நடை நடந்து கல், கம்பி, பாட்டில், சொட்டுநீர்க் குழாய்த் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுங்கள். முள்கம்பி வேலியோரம் ரொம்ப ஜாக்கிரதை. துருப்பிடித்த துண்டு சுற்றிக்கொண்டால் நீங்கள் போடாமலே கம்பி போட்ட மாதிரிதான்.

வேட்டியை மடித்துக் கட்டி, செருப்புக் காலோடு இந்த வேலை வேண்டாம். கனமான பேன்ட், பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். இதில் எதை விட்டாலும் கண்ணாடியை விடாதீர்கள். வெல்டிங் பட்டறைக்காரர் போடுகிற நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி போதும். அதற்கு ஆகிற காசு ஒரு கண் டாக்டரின் ஃபீஸில் பாதிகூட இராது.

எண்ணெய்க் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக் மெஷினானால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்கானால் கலக்கவே கூடாது. எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. சூடாக இருக்கும் இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றின இடத்திலிருந்து பத்தடி தள்ளிக் கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தைக் காப்பாற்றத்தான் பாலஸ் இதைச் செய்தார். ஆனால் அவர் வீட்டில் நின்றது வளர்ந்த மரங்கள். நம் தோட்டத்து மா, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளின் பட்டை இளசு. நரம்பு நாலு தடவை பட்டாலே பட்டை உரியும். சுற்றிலும் உரிந்துவிட்டால் இலையில் தயாராகும் சத்து வேருக்கு இறங்காது. உடனே ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துக் கன்று மஞ்சளித்து வாடும்போது வேர்ப்புழு, வேரழுகல் என்று மருந்து கேட்டு என்னிடம் வருவார்கள். குனிந்து தண்டின் அடியைப் பார்த்தால் மோதிரம் போட்ட மாதிரி தழும்பு இருக்கும். கன்றைச் சுற்றி ஒரு முழம் கையால் கொத்திவிட்டு மூடாக்குப் போட்டுவிடுங்கள். அந்த வட்டத்துக்குள் மெஷின் போக வேண்டியதில்லை.

நரம்பு வாங்கினால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். காய்ந்த நரம்பை உபயோகிக்கும் முன் ஒரு நாள் பூராவும் தண்ணீரில் ஊறப்போட்டால் நொறுங்குகிற குணம் போய்விடும். எடுத்துத் துடைத்துவிட்டுச் சுற்றலாம். நம் தம்பி இப்போது கிணற்று மேட்டில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் நரம்புச் சுருளைப் போட்டே வைத்திருக்கிறான். முன்னைக்கு இப்போது நன்றாக நிற்கிறது என்கிறான். பெரியவருக்குப் புண் ஆறிவிட்டது. ஆனாலும் மெஷின் சத்தம் கேட்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்பின் மறுகோடிக்குப் போய்விடுகிறார். ஐம்பது அடி இல்லை, ஐந்நூறு அடி.